680 மலேசிய வெள்ளியும் போனது, என் பாம்பின் வயிறும் வெந்தது

நேற்று மாலைதான் கால்நடை மருத்துவரிடம் போய்விட்டு வந்தேன். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். பினாங்கில் பாம்பு வளர்ப்பவர்கள் தயவுசெய்து படியுங்கள்.

என்னிடம் இருப்பது பால் பைத்தன், பயந்தால் பந்துபோல் சுருண்டுகொள்ளும் சின்ன மலைப்பாம்பு. பெர்ஹிலித்தான் (வனவிலங்குத் துறை) உரிமத்தோடு வாங்கியது. பெயர் முத்து. எனக்கு பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட். பகலில் ஏர்கோன் போட்டுத் தூங்குவேன், அறை 22 டிகிரிக்கு இறங்கிவிடும். முத்துவுக்கோ தொட்டியின் ஒரு பக்கம் 31, 32 டிகிரி வேண்டும், மறுபக்கம் 26 போதும். இந்த ஊர் வெயிலில் பாம்புக்கு ஹீட்டரா என்று கேட்காதீர்கள், ஏர்கோன் அறையில் கட்டாயம் வேண்டும்.

அதற்காகத்தான் மீன், பறவை, பாம்பு எல்லாம் விற்கும் ஒரு கடைக்குப் போனேன். மூன்றடிக் கண்ணாடித் தொட்டி, கம்பிவலை மூடி, அடியில் ஒட்டும் ஹீட் மேட், மொத்தம் 680 வெள்ளி. அத்தனையும் ஓவர்டைம் காசு. நான் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டேன்: "அண்ணே, தெர்மோஸ்டாட் தனியா வாங்கணுமா?" கடைக்காரர் மேட்டைத் தடவிக் காட்டினார். "உள்ளேயே இருக்கு தங்கச்சி. சூடு ஏறினா தானா நின்னுடும். என் வீட்டுப் பாம்புக்கும் இதுதான் போட்டிருக்கேன்."

அந்தக் கடைசிப் பேச்சில்தான் விழுந்தேன். தானும் பாம்பு வளர்க்கிறவர் பொய் சொல்வாரா என்று நினைத்தேன். 680 வெள்ளியை எண்ணிக் கொடுத்தேன். ரசீதுப் புத்தகம் முடிந்துவிட்டது, நாளைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன் என்றார். அதற்கும் சரி என்றேன்.

ஒன்பதாவது நாள் முத்துவைத் தூக்கினால் வயிற்றுச் செதில்களில் பழுப்புத் திட்டுகள். தெர்மாமீட்டரைத் தொட்டித் தரையில் வைத்தேன். 47 டிகிரி! மேட்டைப் பிரித்துப் பார்த்தால் ஒயரும் பிளக்கும் தவிர ஒன்றுமே இல்லை. சுட்டால் பாம்பு விலகிவிடும் என்றுதான் நானும் நம்பியிருந்தேன். விலகவில்லை, வயிறு வேக வேக அங்கேயே சுருண்டு கிடந்திருக்கிறது.

கடைக்காரருக்கு வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினேன். "தோல் உரிக்கப் போகுது" என்று பதில் வந்தது. 47 டிகிரி என்று சொன்னேன். "ஏர்கோன் குளிர்தான் காரணம்" என்றார். குளிரில் எப்படி வேகும்? நேரில் போனால் வேலைக்கார பையன் முதலாளி இல்லை என்கிறான், அவருடைய குரல் உள்ளேயிருந்து கேட்கிறது. கடைசியாக, ரசீது கொண்டு வா என்றார். கொடுக்காத ரசீதை எங்கிருந்து கொண்டு போவது? இப்போது என் எண்ணை பிளாக் செய்துவிட்டார்.

தொட்டி வாங்குவது எப்படி என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இப்போது முடியவில்லை, இவை மட்டும்: தெர்மோஸ்டாட் தனிப் பெட்டியாக இருக்கும், அதன் சென்சார் ஒயரை மேட்டுக்கும் தொட்டிக்கும் நடுவில் வைக்க வேண்டும். அது இல்லாமல் மேட்டை மின்சாரத்தில் சொருகவே வேண்டாம். பாம்பை விடுவதற்கு முன் ஒரு நாள் முழுக்கச் சூட்டை அளந்து பாருங்கள். ஏர்கோன் அறையில் கம்பிவலை மூடி தொட்டிக்குள் ஈரப்பதத்தைத் தக்கவைக்காது. ரசீது வாங்காமல் கடையைவிட்டு வராதீர்கள்.

பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் மனு போட 5 வெள்ளிதான். 680 வெள்ளியைக் கேட்டு எழுதிவிட்டேன், காசு கொடுத்ததற்கு அந்த வாட்ஸ்அப் பேச்சு இருக்கிறது. முத்து பிளாஸ்டிக் பெட்டியில், மருந்து பூசிய வயிற்றோடு டிஷ்யூ மேல் கிடக்கிறது. இரண்டு வாரமாக எலியைத் தொடவில்லை.