கேம்பருக்கு ஒரு ஜெனரேட்டர்: ஹோண்டா ஈயு2200ஐ-யுடன் சில வருடங்கள்

கேம்பருக்கு ஜெனரேட்டர் வாங்க நினைக்கும் நண்பர்கள் எல்லாரும் முதலில் கேட்பது "எத்தனை வாட் வேண்டும்?" என்றுதான். "தூக்கப்போவது யார், கராஜில் எங்கே வைக்கப்போகிறீர்கள்?" என்று நான் திருப்பிக் கேட்பேன். நாங்கள் கலிபோர்னியாவில் ஃப்ரீமான்ட்டில் இருக்கிறோம். எங்கள் கேம்பர் 22 அடி டிராவல் டிரெய்லர், அதாவது உள்ளேயே சமைத்துத் தூங்கும்படி சக்கரத்தில் ஒரு சின்ன வீடு. அதை இழுக்க ஒரு பிக்-அப் டிரக், கரண்டுக்கு 2019ல் வாங்கிய ஹோண்டா ஈயு2200ஐ என்ற கையடக்க பெட்ரோல் ஜெனரேட்டர். வருடத்தில் சில வாரங்கள்தான் அதற்கு வேலை, அதிலும் ஒரு நாளைக்குச் சில மணி நேரம். மற்ற நேரமெல்லாம் டிரக்கில் குலுங்கிக்கொண்டோ கராஜில் முடங்கியோ கிடக்கிறது. இத்தனை வருடப் பழக்கத்தில் அதைப் பற்றி எனக்குச் சொல்ல இருப்பதில் பாதிக்கு மேல் அது ஓடாத நேரத்தைப் பற்றியது.

எதற்கு ஜெனரேட்டர் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். யோசெமிட்டி தேசியப் பூங்காவின் முகாம்களில் டிரெய்லருக்கு மின் இணைப்பு கிடையாது. சியர்ரா மலைத்தொடரின் கிழக்குப் பக்கம் லோன் பைன் ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் அலபாமா ஹில்ஸ் போன்ற இடங்களில் தண்ணீர்க் குழாய்கூடக் கிடையாது, பாறையும் வானமும்தான். பேட்டரி ஒரு நாள் இரண்டு நாள் தாங்கும். இரவில் ஹீட்டரின் விசிறி ஓடினால் அதுவும் சந்தேகம்.

யோசெமிட்டியில் ஜெனரேட்டரை நினைத்த நேரத்தில் ஓட்ட முடியாது. காலை 7 முதல் 9, மதியம் 12 முதல் 2, மாலை 5 முதல் 7. அவ்வளவுதான். எந்த ஜெனரேட்டர் வாங்குவது என்பதை இந்த நேரக் கணக்கே பெரும்பாலும் முடிவு செய்துவிடுகிறது. பழைய லெட்-ஆசிட் பேட்டரியின் கடைசி இருபது சதவீதம் ஏறுவதற்குப் பல மணி நேரம் ஆகும், எவ்வளவு பெரிய ஜெனரேட்டரை மாட்டினாலும் அது வேகமாகாது. 100 ஆம்பியர்-அவர் லித்தியம் பேட்டரியும் 50 ஆம்பியர் சார்ஜரும் இருந்தால் காலை இரண்டு மணி நேரத்திலேயே பேட்டரி கிட்டத்தட்ட நிரம்பிவிடும். அதனால் இன்னும் பெரிய ஜெனரேட்டருக்குக் காசு சேர்ப்பவர்களிடம், அந்தக் காசை முதலில் பேட்டரியில் போடுங்கள் என்பேன்.

இப்போது வாட் கணக்கு. ஈயு2200ஐ உச்சத்தில் 2200 வாட் தரும் என்று பெட்டியில் போட்டிருக்கும். தொடர்ந்து தருவது 1800 வாட். அந்தச் சிறிய எண்ணை மட்டும் பாருங்கள், எந்தக் கம்பெனியாக இருந்தாலும். எலெக்ட்ரிக் கெட்டில் ஒன்றே 1500 வாட் இழுக்கும். கெட்டிலும் மைக்ரோவேவும் ஒன்றாகப் போட்டால் ஓவர்லோட் விளக்கு எரிந்து கரண்ட் நின்றுவிடும். ரைஸ் குக்கருக்குப் பிரச்சினை இல்லை. மிக்ஸியும் 110 வோல்ட் மிக்ஸியாக இருந்தால் தாராளமாக ஓடும், தேங்காய்ச் சட்னிக்குக் குறைவிருக்காது. காலையில் யார் எதை எப்போது போடுவது என்று வீட்டுக்குள் ஓர் ஒப்பந்தம் வந்துவிட்டால் 1800 வாட் ஒரு குடும்பத்துக்குப் போதும்.

ஏசிதான் சிக்கல். எங்கள் டிரெய்லரின் கூரையில் இருப்பது 13,500 பிடியூ (குளிரூட்டும் திறனின் அளவு) ஏசி. ஓடும்போது 1400, 1500 வாட்டில் அடங்கிவிடும். ஆனால் கம்ப்ரசர் கிளம்பும் அந்த ஒரு நொடியில் அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் கேட்கும், இந்தச் சின்ன எஞ்சினால் அதைக் கொடுக்க முடியாது. இதற்காக இரண்டாவது ஜெனரேட்டர் வாங்கி இணையாக மாட்டுகிறவர்கள் உண்டு. நான் ஏசிக்குள் ஒரு சாஃப்ட் ஸ்டார்ட்டர் வைத்தேன். கம்ப்ரசரை அது மெதுவாகக் கிளப்பிவிடும், தொடக்க இழுப்பு பாதிக்கும் கீழே போய்விடுகிறது. ஏசி போடும்முன், சுமை குறைவாக இருக்கும்போது எஞ்சின் வேகத்தைக் குறைக்கும் ஈகோ ஸ்விட்சை ஜெனரேட்டரில் அணைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் எஞ்சின் வேகம் பிடிப்பதற்குள் கம்ப்ரசர் அதை அமுக்கிவிடும்.

இதிலும் மலை ஏறினால் கணக்கு மாறும். கார்புரேட்டர் எஞ்சின் 1000 அடி உயரத்துக்குச் சுமார் மூன்றரை சதவீதம் சக்தியை இழக்கும். யோசெமிட்டியின் மேட்டுப் பகுதியான டுவாலமி மெடோஸ் 8600 அடி. அங்கே 1800 வாட் என்பது ஏறக்குறைய 1260 வாட்டாகிவிடும். அந்த உயரத்தில் ஏசி யாருக்கும் தேவைப்படாது என்பதால் தப்பித்தோம். கெட்டில் மட்டும் திணறும்.

சத்தத்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. தமிழ்நாட்டில் 2012 வாக்கில் மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது கடைவீதியில் நடந்தவர்களுக்கு ஜெனரேட்டர் என்றாலே வாசலில் புகை கக்கிக்கொண்டு அலறும் பெட்டிதான் நினைவுக்கு வரும். அதே பயத்தோடு வந்த அம்மா, இது ஓடிக்கொண்டிருக்கும்போதே "எப்பப் போடுவே?" என்று கேட்டார். கால்வாசிச் சுமையில் 48 டெசிபல், முழுச் சுமையில் 57. பக்கத்தில் நின்று பேசலாம். கட்டட வேலைக்கு வாங்கும் திறந்த சட்டக ஜெனரேட்டர்கள் பாதி விலைக்கு இரண்டு மடங்கு வாட் தருகின்றன, உண்மைதான். ஆனால் அவை 70 டெசிபலைத் தாண்டும். தேசியப் பூங்காக்களில் 50 அடி தூரத்தில் 60 டெசிபலுக்கு மேல் போகக் கூடாது என்பது விதி. விதியை விடுங்கள், அந்தச் சத்தத்தோடு காலை ஏழு மணிக்கு அக்கம்பக்கத்துக் கூடாரக்காரர்களின் முகத்தில் விழிக்க எனக்குத் தைரியம் இல்லை. தீப்பொறி வெளியே வராமல் தடுக்கும் ஸ்பார்க் அரெஸ்டர் இருக்கிறதா என்றும் பார்த்து வாங்குங்கள். இங்கே காடு எரிவது எப்படி என்று எல்லாருக்கும் தெரியும்.

புதிதாக வாங்கியவர்களைக் குழப்பும் விஷயம் இன்னொன்று உண்டு. மின்சாரக் கோளாறிலிருந்து டிரெய்லரைப் பாதுகாக்கச் சர்ஜ் புரொடெக்டர் வைத்திருந்தால், ஜெனரேட்டர் நன்றாக ஓடினாலும் உள்ளே கரண்ட் வராமல் போகலாம். எங்களுடையதைப் போல, கரண்டை மின்னணுச் சுற்றால் சீராக்கித் தரும் இன்வெர்ட்டர் ஜெனரேட்டர்களில் நியூட்ரலும் எர்த்தும் ஒன்றோடொன்று இணைந்திருக்காது. புரொடெக்டர் அதைப் பார்த்து எர்த் இல்லை என்று முடிவுகட்டி லைனை வெட்டிவிடும். நியூட்ரலையும் எர்த்தையும் உள்ளே இணைத்த ஒரு சின்ன பிளக் கடைகளில் கிடைக்கிறது. ஜெனரேட்டரில் சும்மா இருக்கும் இன்னொரு சாக்கெட்டில் அதைச் செருகினால் சரியாகிவிடும். வீட்டு லைனில் மட்டும் அதை ஒருபோதும் செருகாதீர்கள்.

சரி, தூக்குவதற்கு வருவோம். எண்ணெயும் பெட்ரோலும் இல்லாமலே 47 பவுண்டு, அதாவது 21 கிலோ சொச்சம். டேங்க் ஒரு காலனுக்குச் சற்றுக் குறைவு. நிரப்பினால் இன்னும் ஆறு பவுண்டு கூடும். தரையிலிருந்து இடுப்பு உயரம் வரை ஒற்றைக் கையால் தூக்கி டிரக்கின் பின்கதவில் வைக்க வேண்டும். நாற்பதைத் தாண்டிய முதுகுக்கு இதுதான் எல்லை என்று நினைக்கிறேன். 3000 வாட் வகையில் பல, சக்கரம் இருந்தாலும், எண்பது தொண்ணூறு பவுண்டுக்குப் போகின்றன. டிரக்கில் ஏற்ற இன்னோர் ஆள் வேண்டும். சக்கரத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள், அது கடையின் சிமென்ட் தரையில்தான் உருளும்.

டிரெய்லருக்குள் வைத்துக் கொண்டுபோவதை நான் ஒத்துக்கொள்வதில்லை. டேங்க் காலியாக இருந்தாலும் பெட்ரோல் வாடை மெத்தையில் ஏறிவிடும், நாம் தூங்கப்போவதும் அங்கேதான். பின் பம்பரில் தட்டு வைத்துப் பூட்டிக்கொண்டு போகிறவர்களைப் பார்க்கிறேன். அந்தச் சதுரக் குழாய் பம்பர்கள் பல டிரெய்லர்களில் கழிவுநீர்க் குழாயைச் செருகி வைக்க மட்டுமே லாயக்கு. நெடுஞ்சாலை அதிர்வில் வெல்டிங் விட்டுப்போகும். முன்பக்க இழுசட்டத்தில் வைக்கலாம், ஆனால் அந்த எடையின் பெரும்பகுதி டிரக்கின் கொக்கியில் இறங்கும். கொக்கியில் விழும் எடை டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பதால், அங்கே புரொப்பேன் கேஸ் சிலிண்டர்களும் பேட்டரியும் ஏற்கெனவே இருப்பதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். எனக்கு டிரக்கின் பின்தொட்டிதான் சரிப்படுகிறது. நிமிர்ந்த நிலையில், இரண்டு ராட்செட் பட்டைகளால் கட்டி, அடியில் ஒரு ரப்பர் பாய். படுக்கவைத்தால் ஆயில் ஏர் ஃபில்டர் பக்கம் இறங்கிவிடும், அப்புறம் ஸ்டார்ட் செய்தால் வெள்ளைப் புகைதான். கிளம்பும்முன் மூடியில் இருக்கும் காற்றுத் திருகையும் பெட்ரோல் வால்வையும் மூடியாயிற்றா என்று தொட்டுப் பார்ப்பது பழக்கமாகிவிட்டது.

பெட்ரோல் கேன் தனிக் கதை. சமவெளியில் வெயிலில் நிரப்பி யோசெமிட்டியின் கிழக்கு வாசலான டியோகா கணவாய் வரை ஏறினால், அது 9943 அடி, வெளியே காற்றழுத்தம் குறைந்து கேன் பலூன் மாதிரி உப்பியிருக்கும். மூடியை மெதுவாக, தீ எதுவும் இல்லாத இடத்தில், கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்க வேண்டும். பெட்ரோல் பங்கில் கேனை எப்போதும் தரையில் இறக்கி வைத்தே நிரப்புகிறேன். டிரக் தொட்டியின் பிளாஸ்டிக் விரிப்பில் வைத்து நிரப்பினால் நிலைமின்சாரம் சேர்ந்து பொறி பறக்க வாய்ப்பு உண்டு. ஒரு பயணத்துக்கு இரண்டு காலன் போதும். மிச்சமானதை வீடு திரும்பும் வழியிலேயே டிரக்கின் டேங்கில் ஊற்றிவிடுகிறேன்.

முகாமில் ஜெனரேட்டரைச் சமதரையில் வையுங்கள். சரிந்து நின்றால் ஆயில் குறைவு என்று எண்ணி எஞ்சின் தானே நின்றுவிடும். டிரெய்லரிலிருந்து குறைந்தது 20 அடி தள்ளி, புகைக்குழாய் யாருடைய கூடாரத்தையும் பார்க்காமல் இருக்க வேண்டும். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. டிரெய்லருக்குள் இருக்கும் அதன் அலாரத்துக்கும் ஆயுள் உண்டு, காலாவதித் தேதியைப் பாருங்கள். மழைக்குப் பயந்து டிரெய்லரின் அடியில் தள்ளிவிடுவது, வெய்யில் திரைக்குக் கீழே வைப்பது எதுவும் வேண்டாம். இரவில் இரும்புச் சங்கிலி போட்டு டிரெய்லர் சட்டத்தோடு பூட்டிவிடுவேன். கையில் பிடித்துத் தூக்கும் வசதி நமக்கு மட்டுமா இருக்கிறது?

வீட்டில் வைப்பதில்தான் பெரும்பாலான ஜெனரேட்டர்கள் சாகின்றன. இங்கே விற்கும் சாதாரண பெட்ரோலில் பத்து சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது. இந்தியாவில் இப்போது இருபது என்பதால் அங்குள்ளவர்களுக்கும் இந்தப் பேச்சு புதிதல்ல. எத்தனால் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். ஒன்றிரண்டு மாதத்தில் பெட்ரோலும் பழசாகி, கார்புரேட்டரின் ஊசி போன்ற துளைகளில் பிசினாகப் படிந்துவிடும். நண்பர் ஒருவர் மலிவாக வாங்கிய வேறொரு ஜெனரேட்டர் ஒரே குளிர்காலத்தில் இப்படித்தான் அடைத்துக்கொண்டது. கார்புரேட்டரையே மாற்ற வேண்டியதாயிற்று.

ஈயு2200ஐ-யில் எனக்கு மிகவும் பிடித்த அம்சம் இதோடு சம்பந்தப்பட்டது. பெட்ரோலை மட்டும் நிறுத்திவிட்டு எஞ்சினைத் தொடர்ந்து ஓட விடலாம். கார்புரேட்டரில் இருக்கும் மிச்சத்தை எரித்துவிட்டுத் தானாக நிற்கும். இரண்டு மூன்று வாரத்தில் மறுபடி கிளம்புவதாக இருந்தால் இதோடு விட்டுவிடுவேன். நவம்பரிலிருந்து வசந்தம் வரை என்றால் டேங்கை முழுவதும் உறிஞ்சி எடுத்து, கார்புரேட்டரின் அடிக் கிண்ணத்தையும் வடித்துவிட வேண்டும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி ஒரு டீஸ்பூன் எஞ்சின் ஆயில் ஊற்றி, பிளக்கை மறுபடி மாட்டி, ஸ்டார்ட் செய்யும் கயிற்றை மெதுவாக இழுத்து, இறுகும் இடத்தில் விட்டுவிட வேண்டும். அந்த நிலையில் வால்வுகள் மூடியிருக்கும், ஈரம் உள்ளே போகாது. ஆயில் ஆறு மாதத்துக்கு ஒரு முறை அல்லது நூறு மணி நேரத்துக்கு ஒரு முறை மாற்றச் சொல்கிறார்கள். பிடிப்பது நானூறு மில்லிதான், கஞ்சத்தனம் காட்ட ஒன்றுமில்லை. ஆனால் வடிக்கும் துளை இல்லாததால் மொத்த ஜெனரேட்டரையும் சாய்த்துத்தான் ஊற்ற வேண்டும், கை அழுக்காகாமல் முடித்த நாள் இல்லை. இந்த விலைக்கு ஒரு வடிகுழாய் வைத்திருக்கலாம்.

கராஜில் வைக்கும்போது வாட்டர் ஹீட்டரிலிருந்து எவ்வளவு தூரம் என்று பாருங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், தரையோடு தவழும். இங்கே கராஜில் இருக்கும் கேஸ் வாட்டர் ஹீட்டரை மேடை கட்டி, தீப்பற்றும் பகுதி தரையிலிருந்து 18 அங்குலமாவது உயரும்படி வைப்பதற்குக் காரணம் அதுதான். எங்கள் ஜெனரேட்டர் எதிர்ச் சுவரோரம், காலி டேங்கோடு, துணி உறைக்குள் இருக்கிறது. பெட்ரோலோடு மல்லுக்கட்ட மனமில்லாதவர்கள் புரொப்பேனிலும் ஓடும் இரட்டை எரிபொருள் வகையைப் பார்க்கலாம். புரொப்பேன் கெடுவதில்லை, டிரெய்லரில் சிலிண்டர் ஏற்கெனவே இருக்கிறது, கார்புரேட்டரும் அடைக்காது. சக்தி பத்து சதவீதம் போலக் குறையும். ஏசி இல்லாதவர்களுக்கு அது ஒரு குறையே இல்லை. இன்று முதன்முறையாக வாங்குவதாக இருந்தால் நானும் அந்தப் பக்கம்தான் சாய்வேன்.

கலிபோர்னியாக்காரர்களுக்கு மட்டும் இன்னொரு கணக்கு. 2021ல் வந்த சட்டத்தின்படி சிறிய பெட்ரோல் எஞ்சின்களின் புதிய விற்பனை இங்கே படிப்படியாக நிறுத்தப்படுகிறது. புல்வெட்டிகளுக்கு 2024ல் தொடங்கிவிட்டது. கையடக்க ஜெனரேட்டர்களுக்கு அந்த ஆண்டு புகை வரம்பு இறுகியது, 2028 முதல் புகையே இல்லாதவைதான் தயாரித்து விற்கப்பட வேண்டும். கையில் இருப்பதை ஓட்டத் தடை இல்லை. அதனால் எங்களுடையதை விற்றுவிட்டு வேறு வாங்கும் எண்ணம் இப்போதைக்கு இல்லை. கார்புரேட்டருக்கு ஒரு கேஸ்கெட் செட்டும் இரண்டு ஸ்பார்க் பிளக்கும் வாங்கி வைத்திருக்கிறேன்.