டயல் டோன் இல்லை என்று அடம்பிடித்த மோடம்

என் பழைய மடிக்கணினியில் இன்னமும் விண்டோஸ் எக்ஸ்பிதான். உள்ளேயே ஒரு 56கே மோடம், அதாவது தொலைபேசி ஒயர் வழியாக இன்டர்நெட்டில் இணைக்கும் கருவி. பல வருடம் ஒழுங்காக ஓடியது, ஒருநாள் பிழை 680 காட்டி நின்றுவிட்டது. டயல் டோன், அதாவது எண் போடும் முன் தொலைபேசியில் கேட்கும் ஓசை, இல்லையாம். அதே ஒயரைத் தொலைபேசியில் செருகினால் டோன் கணீரென்று கேட்கிறது. மோடம் போய்விட்டது என்றே முடிவு கட்டினேன். அவசரப்பட்டுவிட்டேன்.

கண்ட்ரோல் பேனலில் மோடத்தின் டயக்னாஸ்டிக்ஸ் பக்கத்துக்குப் போய் 'குவரி மோடம்' அழுத்தினால், மோடத்துக்குக் கொடுக்கும் ஏடி கட்டளைகளுக்கு மளமளவென்று பதில் வந்தது. அப்படியென்றால் மோடம் கார்டும், அதை இயக்கும் மென்பொருளான டிரைவரும் உயிரோடுதான் இருக்கின்றன. அடுத்து, கூடுதல் துவக்கக் கட்டளைக்கான கட்டத்தில் 'ஏடிஎக்ஸ்3' என்று போட்டேன். டோனுக்குக் காத்திருக்காமல் எண்ணைப் போடு என்று பொருள். வாய்ஸ்மெயில் வந்திருந்தால் சில இணைப்புகளில் டோன் விட்டுவிட்டு வரும். மோடத்துக்கு அது டோனாகவே தெரியாது. அந்த மாதிரி இடத்தில் இது ஒன்றே போதும். எனக்குப் போதவில்லை. ஸ்பீக்கரைக் கூட்டி வைத்துக் கேட்டேன். எண்களின் பீப் வந்தது. அப்புறம் மணியும் இல்லை, மோடம் இணையும்போது வரும் வழக்கமான கிரீச் சத்தமும் இல்லை.

சரி, கோளாறு ஒயர் போகும் வழியில்தான். தொலைபேசி ஒயரைச் செருகும் ஆர்ஜே-11 சாக்கெட்டுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன். நடுவில் இருக்கும் இரண்டு பொன்னிறக் கம்பிகளில் ஒன்று உள்ளே மடங்கிப் படுத்திருந்தது, நுனியில் பச்சைக் களிம்பு. சார்ஜரையும் பேட்டரியையும் கழற்றிவிட்டு ஊசியால் மெல்ல நிமிர்த்தி, ஆல்கஹால் தொட்ட பஞ்சுக் குச்சியால் துடைத்துச் செருகினேன். அந்தக் கிரீச் சத்தம் அன்றைக்கு இனிமையாகத்தான் இருந்தது!

ஒயர் சரியானபின்னும் இணைப்பு அடிக்கடி அறுந்தது. பேசும்போது இன்னொரு அழைப்பு வந்தால் பீப் கொடுக்கும் கால் வெயிட்டிங்கை நிறுத்தியதில் பாதி சரியானது. மீதிக்கு மோடத்தின் அமைப்புகளில் ஒன்றான எஸ்10 என்ற பதிவேட்டில் 50 கொடுத்தேன்; அதன் அலகு நொடியில் பத்தில் ஒரு பங்கு, ஆகவே சிக்னல் ஐந்து நொடி காணாமல் போனாலும் மோடம் பொறுத்துக்கொள்ளும். வேகத்தையும் வி.34 என்ற பழைய மோடம் தரத்தின் உச்சமான நொடிக்கு 33,600 பிட்டுக்குக் கட்டிப்போட்டேன். வேகம் குறைந்தாலும் மணிக்கணக்கில் அறுபடாமல் நிற்கிறது, எனக்கு அதுதான் வேண்டும். திரையில் 115,200 என்று காட்டினால் மயங்க வேண்டாம், அது கணினிக்கும் மோடத்துக்கும் இடையிலான போர்ட்டின் வேகம், தொலைபேசி இணைப்பின் வேகம் அல்ல.

இதில் எனக்குப் பிடிக்காதது, இது சாஃப்ட் மோடம் என்பது. சிக்னல் வேலையைப் பிராசசர்தான் செய்கிறது. பக்கத்தில் வைரஸ் ஸ்கேன் ஓடினால் இணைப்பு தள்ளாடும். எக்ஸ்பியை மறுபடி நிறுவியபோது மோடமே காணாமல் போனது. இன்டர்நெட் வர டிரைவர் வேண்டும், டிரைவர் வர இன்டர்நெட் வேண்டும்! வேறு கணினியில் இறக்கி வந்தும் நடக்கவில்லை. இந்த மோடம், ஒலிக் கருவிகளை இணைக்கும் உள்வழியான எச்டி ஆடியோ பஸ்ஸில் தொங்குகிறது. அந்த பஸ்ஸுக்கான டிரைவரை முதலில் போட்டபிறகே கண்ணில் பட்டது. இப்போது இரண்டு டிரைவரும் ஒரே சிடியில் இருக்கின்றன.

அந்தக் கம்பி மட்டும் சில மாதத்துக்கு ஒருமுறை மறுபடி படுத்துவிடுகிறது. ஊசி மடிக்கணினிப் பையிலேயே கிடக்கிறது.