ஷாஃப்ட் மரம் வாங்குவோர் கவனத்துக்கு: படத்தில் காட்டாத பக்கத்தைக் கேளுங்கள்

பூல் மேசையில் பந்தைத் தட்டும் கோலான கியூவின் ஷாஃப்டுக்கு, அதாவது நுனியை நோக்கி மெலியும் முன்பாதிக்கு, மேப்பிள் மரக் கட்டைகளை இணையத்தில் வாங்குபவர்கள், விற்பவர் போடும் படத்தை மட்டும் நம்பிப் பணம் அனுப்பிவிட வேண்டாம். "முதல் தரம், நேர் இழை, நன்றாக உலர்ந்தது" என்று சொல்லி எனக்கு அனுப்பிய கட்டைகளில் பாதிக்கு மேல் அடுப்புக்குத்தான் ஆகும்.

படத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆண்டு வளையக் கோடுகள் நூல் பிடித்தாற்போல் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஓடின. சூழ்ச்சி அங்கேதான் இருக்கிறது. அந்தக் கோடுகள் தெரியும் பக்கம் மேலே வருமாறு எல்லாக் கட்டைகளையும் திருப்பி அடுக்கிப் படமெடுத்திருக்கிறார்கள். கட்டையைக் கால் சுற்றுத் திருப்பினால் மேப்பிளில் பொடிப்பொடியான பழுப்புக் கீற்றுகள் தெரியும். நார் எந்தத் திசையில் ஓடுகிறது என்பதைக் காட்டுபவை அவைதான். எனக்கு வந்தவற்றில் அவை கட்டையின் நீளப்போக்கை விட்டு விலகிச் சாய்ந்து கிடந்தன. முறுக்கிக்கொண்டு வளர்ந்த மரம். அதை 13 மில்லிமீட்டர் நுனிக்குக் கடைந்தால் நார் பாதியிலேயே அறுபட்டுப் பக்கவாட்டில் வெளியே வந்துவிடும். ஷாஃப்ட் கோணும், சாய்வு அதிகமானால் முறியும்.

கீற்று கண்ணுக்குப் பிடிபடாவிட்டால் அந்தப் பக்கத்தில் ஒரு சொட்டுப் பேனா மை வையுங்கள். நாரின் வழியே அது நீளமாக ஊறும். அமெரிக்க பேஸ்பாலில் மேப்பிள் மட்டைகள் சிதறித் தெறித்ததை 2008-இல் ஆராய்ந்த பிறகு, கைப்பிடியில் இதே மைப்புள்ளியைக் கட்டாயமாக்கினார்கள். சாய்வு 3 பாகைக்குள் இருக்க வேண்டும் என்பது அங்கே கணக்கு. மட்டையை விட மெலிந்த ஷாஃப்டுக்கு நான் அதைவிடக் கறாராகவே பார்ப்பேன்.

சில கட்டைகளைக் கையில் எடுத்ததுமே எடை உதைத்தது. ஷாஃப்டுக்கு உகந்தது சர்க்கரை மேப்பிள். 30 அங்குல நீளமும் 1 அங்குல விட்டமும் உள்ள உலர்ந்த உருளை ஏறக்குறைய 270 கிராம் இருக்கும். அதே அளவில் சிவப்பு மேப்பிள் 235 கிராம் அளவில்தான் நிற்கும். இரண்டையும் கலந்து அனுப்பியிருக்கிறார்கள். இரும்பு சல்பேட் கரைசலைத் தடவியதும் சந்தேகம் தீர்ந்தது: சர்க்கரை மேப்பிள் பச்சை சாயும், சிவப்பு மேப்பிள் கருநீலமாகும்.

உலர்ந்த கதையும் அப்படித்தான். 6 முதல் 8 விழுக்காட்டில் இருக்க வேண்டிய ஈரம், ஈரமானியில் 12-க்கு மேல் காட்டியது. முனைகளில் மெழுகு பூசுவது வெடிப்பைத் தடுக்கும் நல்ல வழக்கம்தான். ஆனால் இங்கே அடர்நிறத்தில் தடித்துப் பூசியிருந்த மெழுகைச் சுரண்டியபோது ஏற்கெனவே விழுந்திருந்த வெடிப்புகள் வெளிப்பட்டன.

விற்பவரிடம் கேட்டேன். "மரம் என்றால் வளையத்தான் செய்யும் சார், கடைசலில் ஏற்றியதைத் திரும்ப வாங்க மாட்டோம்" என்றார். கடைசல் பக்கமே போகாத கட்டைகளின் படங்களை அனுப்பியதும் பதில் நின்றுபோனது. ஆகவே கட்டைகள் வந்தவுடன் எடை, ஈரம், நாரோட்டம் மூன்றையும் பார்த்துப் படமெடுத்து வையுங்கள்; அதுவரை எந்திரத்தில் ஏற்றாதீர்கள். கால் சுற்றுத் திருப்பிய படத்தையும் மெழுகில்லாத முனையின் படத்தையும் முன்கூட்டியே கேளுங்கள். மழுப்பினால் விட்டுவிடுங்கள்.

அதே படம் இப்போது வேறொரு கணக்கில் விற்பனைக்கு வந்திருக்கிறது. இடமிருந்து இரண்டாவது கட்டையின் நடுவே குறுகிய பழுப்புக் கோடு ஒன்று இருக்கும். பார்த்தால் அடையாளம் தெரியும்.