வாகனங்களிடம் வீதிக்கான பணத்தை எப்படி வாங்குவது: ஆண்டுக் கட்டணமா, எரிபொருள் வரியா, ஓடிய தூரமா?

கொழும்பில் வாகனம் வைத்திருப்பவர் காப்புறுதிச் சான்றிதழையும் புகைப் பரிசோதனைச் சான்றிதழையும் காட்டி ஆண்டுதோறும் வருமான அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பிக்கிறார். இதையே வாகனப் பதிவுக் கட்டணம் என்று கருதுவோர் பலர். உண்மையில் பதிவு என்பது மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் ஒருமுறை நடந்து முடிவது. ஆண்டுதோறும் நாம் செலுத்துவதோ மாகாண சபைக்குரிய வருமானம். அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் 1987இல் அதனை மாகாணங்களிடம் ஒப்படைத்தது.

இந்தக் கட்டணத்தின் பெரிய குறை, அது ஓட்டத்தைப் பார்க்காமல் உடைமையை மட்டும் பார்ப்பது. வெள்ளவத்தையில் வெள்ளிக்கிழமை கோவிலுக்கு மட்டும் வெளியே எடுக்கப்படும் காரும், அதே வகையைச் சேர்ந்த, நாள் முழுவதும் நகரைச் சுற்றிவரும் காரும் ஒரே தொகையைச் செலுத்துகின்றன.

எரிபொருள் வரியில் அந்த அநீதி குறைவு; ஓடியவர் ஓடிய அளவுக்குச் செலுத்துகிறார், வசூலிப்பதும் எளிது. ஆனால் டீசலில் ஏறும் ஒவ்வொரு ரூபாயும் பஸ் கட்டணத்திலும் பேலியகொடை மொத்தச் சந்தைக்கு வந்துசேரும் மரக்கறியின் விலையிலும் தெரியும். மின்சாரக் கார்களோ இந்த வரிக்கு முற்றிலும் வெளியே நிற்கின்றன.

நியூசிலாந்து 1978 முதல் டீசல் வாகனங்களிடம் தூரத்தையும் எடையையும் கணக்கிட்டு வீதிக் கட்டணம் வாங்குகிறது. 2024 ஏப்ரல் முதல் மின்சாரக் கார்களும் அதில் சேர்க்கப்பட்டன. சக்கர அச்சின் மீதான சுமை இரட்டித்தால் வீதிக்கு நேரும் சேதம் ஏறத்தாழ 16 மடங்காகும் என்பது பொறியியலாளர் நெடுங்காலமாகப் பயன்படுத்தும் கணிப்பு. அதன்படி பார்த்தால், மூன்று வழிகளிலும் தூரத்தோடு எடையையும் கணக்கிடும் இந்த முறையே நியாயமானது. தூரமானியை நம்பத்தக்க முறையில் சோதிக்கும் ஏற்பாடு இல்லாத இடத்தில் மட்டும் அது தடுமாறும்.

எவ்வளவு வாங்குவது என்பதைவிட, வாங்கிய பணம் எங்கே போகிறது என்பதே என்னை அதிகம் உறுத்துகிறது. நியூசிலாந்தில் அது தேசிய தரைப் போக்குவரத்து நிதியத்துக்குச் செல்கிறது. இங்கே காலி வீதி போன்ற பெருவீதிகள் மத்திய அரசின் வீதி அபிவிருத்தி அதிகாரசபையின் பொறுப்பு, ஒழுங்கைகள் பெரும்பாலும் மாநகர சபையின் பொறுப்பு, இடைப்பட்ட வீதிகள் மட்டுமே மாகாணத்தின் பொறுப்பு. ஆகவே கொழும்புக்காரர் கட்டணம் செலுத்துவது ஓரிடத்தில், குழியில் விழுவது பெரும்பாலும் வேறொருவரின் வீதியில். மாகாணப் பாடசாலைகளுக்கும் வைத்தியசாலைகளுக்கும் இந்த வருமானம் உதவுவதை நான் குறைகூறவில்லை. அதைப் பகிரங்கமாகச் சொல்லிவிட்டு வாங்க வேண்டும் என்கிறேன். மேல் மாகாண சபையின் பதவிக்காலம் 2019இல் முடிந்தபின் பல ஆண்டுகளாகத் தேர்தல் நடத்தப்படாததால், மக்கள் தெரிவுசெய்த உறுப்பினரிடம் இந்தக் கணக்கைக் கேட்கும் வாய்ப்பும் இல்லாமற்போனது.

எனவே உடனடியாக எரிபொருள் வரியை மேலும் உயர்த்துவதை நான் ஆதரிக்கவில்லை. ஆண்டுக் கட்டணத்தை வைத்துக்கொண்டு, கனரக லொறிகளிலிருந்து தூர அடிப்படையைத் தொடங்கலாம். அதற்கு முன்பே, கடந்த ஆண்டு வசூலான தொகையில் வீதிகளுக்கு எவ்வளவு சென்றது என்பதை ஒவ்வோர் அனுமதிப்பத்திரத்தின் பின்புறத்திலும் மும்மொழிகளிலும் அச்சிட முடியும்.