கிம்ப்: எலி பிடிக்க மலையைக் கெல்லலாமா?

எனக்குத் தேவை ரொம்பச் சின்னது. போட்டோவை ஓரத்தில் கொஞ்சம் வெட்ட வேண்டும், இருட்டாக இருந்தால் வெளுப்பாக்க வேண்டும், மடிப்பு விழுந்த பழைய படத்தில் கோட்டை மறைக்க வேண்டும். இதற்குப் போய் கிம்ப் என்ற பெரிய படத்திருத்த மென்பொருள் எதற்கு, எலி பிடிக்க மலையைக் கெல்லின கதையாக, என்றுதான் நானும் நினைத்தேன். முதல் தடவை திறந்தபோது இடது பக்கம் வரிசையாக நின்ற குட்டிக் குட்டிப் படங்களைப் பார்த்துவிட்டு அப்படியே மூடியும் விட்டேன். 1996இல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழக மாணவர்கள் இரண்டு பேர் வெளியிட்ட மென்பொருள், இன்றைக்கும் இலவசம், ஆனால் புதிதாக வருகிறவரைக் கைபிடித்துக் கூட்டிப்போகும் பழக்கம் அதற்குக் கிடையாது.

கலர்ஸ் மெனுவில் இருக்கும் லெவல்ஸ்தான் என்னைத் திரும்ப இழுத்தது. திறந்தால் மலை மாதிரி ஒரு வரைபடம், அடியில் மூன்று முக்கோணம். இடது ஓரம் முழுக் கறுப்பு, வலது ஓரம் முழு வெள்ளை, மலை எங்கே உயர்ந்திருக்கிறதோ அந்த அளவு வெளிச்சத்தில் நிறையப் பிக்சல் இருக்கிறது என்று அர்த்தம். ஸ்கேன் செய்து வைத்திருந்த, மங்கி மஞ்சளடித்த குடும்பப் படம் ஒன்றைப் போட்டுப் பார்த்தேன். மலை நடுவில் கூனிக் குறுகி உட்கார்ந்திருக்க, இரண்டு ஓரமும் காலி. அதாவது படத்தில் உண்மையான கறுப்பும் இல்லை, வெள்ளையும் இல்லை. கறுப்பு முக்கோணத்தை மலை தொடங்கும் இடத்துக்கும் வெள்ளை முக்கோணத்தை மலை முடியும் இடத்துக்கும் நகர்த்தினேன், சாம்பல் பூசின மாதிரி இருந்த முகங்கள் துலக்கமாகிவிட்டன. அப்புறம் மேலே சேனல் என்ற இடத்தில் நீலத்தை மட்டும் தேர்ந்தெடுத்து, வெள்ளை முக்கோணத்தை அந்த மலையின் விளிம்புவரை உள்ளே தள்ளினால் மஞ்சளும் இறங்கிவிடுகிறது. இதையெல்லாம் தானே செய்ய ஆட்டோ பட்டனும் உண்டு. நம்பி அழுத்தாதீர்கள். சூரியன் மறையும்போது எடுத்த படத்தில் அழுத்தினால், அந்தப் பொன்னிறத்தையே கோளாறு என்று எடுத்துக்கொண்டு துடைத்துவிடும்.

க்ராப் பற்றிச் சொல்ல பெரிதாக ஒன்றும் இல்லை. 6க்கு 4 அங்குலத்தில் பிரின்ட் போடுவதாக இருந்தால் விகிதத்தை 3:2 என்று பூட்டிவிட்டு வெட்டுங்கள், அவ்வளவுதான்.

மடிப்புக் கோட்டுக்கு ஹீல் கருவி. கன்ட்ரோலைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் சுத்தமான இடத்தில் ஒரு கிளிக், பிறகு கோட்டின்மேல் சின்னச் சின்னதாகத் தேய்க்க வேண்டும். சுவர், வானம், கன்னம் எல்லாம் ஜோராக வருகிறது. சட்டைக் காலரும் கழுத்தும் சேரும் விளிம்பில் மட்டும் இரண்டு நிறமும் குழைந்து அசிங்கமாகிவிடும், அங்கே நிறத்தைக் குழைக்காமல் அப்படியே நகலெடுத்து ஒட்டும் குளோன் கருவிக்கு மாறிவிடுங்கள்.

புதியவர்கள் எல்லோரும் குழம்புவது சேமிக்கும்போதுதான். கன்ட்ரோல் + எஸ் அழுத்தினால் எக்ஸ்சிஎஃப் என்ற அதன் சொந்த வடிவத்தில்தான் சேமிக்கும், அதை அனுப்பினால் வாங்குகிறவர் போனில் பெரும்பாலும் திறக்காது. எல்லாப் போனிலும் திறக்கும் வழக்கமான போட்டோ வடிவமான ஜேபெக் வேண்டுமென்றால் எக்ஸ்போர்ட், அதாவது கன்ட்ரோல் + ஷிஃப்ட் + ஈ. எனக்கு ஆரம்பத்தில் எரிச்சலாகத்தான் இருந்தது, இப்போது இதுவே சரி என்று படுகிறது. லேயர்கள், அதாவது ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய படப் படலங்கள், அப்படியே எக்ஸ்சிஎஃப்பில் இருக்கும், ஒவ்வொரு முறை ஜேபெக்காகச் சேமிக்கும்போதும் தரம் கொஞ்சம் தேய்கிற தொல்லையும் இல்லை. இத்தனை ஏற்பாடு இருந்தும் நான் என்ன செய்தேன் தெரியுமா? அனுப்புவதற்காக ஒரு படத்தை 800 பிக்சலுக்குச் சுருக்கி, ஃபைல் மெனுவில் இருந்த, பழைய கோப்பின்மேலேயே எழுதிவிடும் ஓவர்ரைட்டை அழுத்திவிட்டேன். மூலப்படம் போயே போச்சு. அங்குலத்துக்கு 300 பிக்சல் என்று வைத்தால் 6க்கு 4 பிரின்டுக்கு 1800க்கு 1200 வேண்டும், என்னிடம் மிச்சம் இருப்பது தபால்தலையைவிடக் கொஞ்சம் பெரிசு. முதலில் ஒரு நகல் எடுத்து வைத்துக்கொண்டு, அந்த நகலில் கை வையுங்கள்.

போடுவதாக இருந்தால் 3.0 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பைப் போடுங்கள். 2025இல் வந்த அந்தப் பதிப்பிலிருந்து, போட்ட ஃபில்டர் படத்தோடு உடனே கலந்துவிடாமல் தனியாக நிற்கிறது, பிடிக்காவிட்டால் பிறகு வந்து மாற்றலாம். கேமரா பதிந்ததைப் பதப்படுத்தாமல் அப்படியே வைத்திருக்கும் ரா கோப்புகளைத் திறக்க மட்டும் டார்க்டேபிள் மாதிரி இன்னொரு மென்பொருளைச் சேர்த்து நிறுவ வேண்டும். போன் ஜேபெக்கோடு இருப்பவர்களுக்கு அந்த வேலையும் இல்லை.