குழாயில் உப்புக் கறை: ஆசிட்டா, வினிகரா, எலுமிச்சை உப்பா?

சென்னை ஓஎம்ஆர் பக்கம் அடுக்குமாடியில் குடியிருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. போர் தண்ணீரும் லாரித் தண்ணீரும் ஒரே சம்ப்பில் கலந்து வரும், பருப்பு வேகாமல் அடம்பிடிக்கும், சில மாதத்தில் ஷவரில் பாதி ஓட்டை அடைத்துக்கொண்டு மீதி ஓட்டை சுவரைப் பார்த்துப் பீய்ச்சும். நாம் உப்பு என்று சொன்னாலும் அங்கே படிவது பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். அமிலம் பட்டால் கரைந்துவிடும். எந்த அமிலம் என்பதில்தான் காசும் இருக்கிறது, வம்பும் இருக்கிறது.

முதலில் வம்பு. தெருவில் "ஆசிட், பினாயில்" என்று கூவிக்கொண்டு பழைய தண்ணீர் பாட்டிலில் ஊற்றித் தருகிறார்களே, அது ஹைட்ரோகுளோரிக் அமிலம். விலை மலிவு, கறையும் நொடியில் போகும். நானும் ஒருமுறை டேப்பில் தடவினேன். கறையோடு சேர்ந்து பளபளப்பு முலாமும் போய், உள்ளிருந்த பித்தளை மஞ்சளாக எட்டிப் பார்த்தது. காலி செய்யும்போது வீட்டுக்காரர் அட்வான்ஸில் அதற்கும் கழித்துக்கொண்டார். அதைவிடப் பெரிய ஆபத்து, பிளீச்சிங் பவுடர் போட்ட தரையில் இதை ஊற்றுவது. குளோரின் வாயு கிளம்பும், ஜன்னல் இல்லாத பாத்ரூமில் அது விளையாட்டல்ல.

சரி, மிச்சமிருப்பது வினிகரும் எலுமிச்சை உப்பும், அதாவது சிட்ரிக் ஆசிட். எல்லாரும் வினிகரைத்தான் சொல்வார்கள். ஆனால் கடையில் விற்கிற வெள்ளை வினிகரில் அமிலம் ஏறத்தாழ 4 சதவீதம்தான், அரை லிட்டர் பாட்டிலில் 20 கிராம், மிச்சமெல்லாம் நாம் காசு கொடுத்து வாங்குகிற தண்ணீர். 100 கிராம் எலுமிச்சை உப்புப் பாக்கெட்டில் இருப்பதோ கிட்டத்தட்ட முழுக்க அமிலம். என் தெருக் கடையில் இரண்டுக்கும் பெரிய விலை வித்தியாசம் கிடையாது, அப்புறம் எதற்கு பாட்டிலைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறுவது? வினிகர் போட்டால் பாத்ரூமில் ஒருநாள் முழுக்க ஃப்ரைட் ரைஸ் கடை வாசம் வேறு. வினிகருக்குச் சாதகமாக ஒன்று சொல்லலாம்: அது காய்ந்தால் தடம் விடாது. எலுமிச்சை உப்புக் கரைசலைக் கழுவாமல் காயவிட்டால் வெள்ளையாகப் பூத்துவிடும்.

செய்முறை இவ்வளவுதான். ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சை உப்பைக் கரைத்து, கழுவிய ஆவின் பால் கவரில் ஊற்றி, ஷவரின் முகம் அதில் மூழ்குகிற மாதிரி ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டுங்கள். அரை மணி நேரம் போதும், முலாம் பூசியதை ராத்திரி முழுக்க ஊறவிட வேண்டாம். பிறகு பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, நல்ல தண்ணீரில் கழுவி, துணியால் துடையுங்கள். டேப் வாயில் இருக்கும் சின்ன சல்லடையைக் கழற்றி அதே கரைசலில் போடலாம்.

பிழிந்த எலுமிச்சை மூடியும் வேலை செய்யும், சும்மா கிடந்தால் தேய்க்கலாம், ஆனால் கோடையில் பழம் விற்கிற விலைக்கு இதற்கென்று வாங்காதீர்கள். புளிச்சக்கை பித்தளைக் குத்துவிளக்குக்குத்தான். ஆப்ப சோடாவோடு வினிகரைக் கலந்து நுரை பொங்க வைக்கிறார்களே, அது வெறும் வேடிக்கை: சோடா காரம், வினிகர் அமிலம், ஒன்றை ஒன்று தீர்த்துக்கொண்டுவிடும், நுரை வெறும் கரியமில வாயு. சோடாவைத் தனியாக அடுப்புக்குப் பின்னால் உள்ள எண்ணெய்ப் பிசுக்குக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கடப்பா கல் பதித்த அலமாரி, மார்பிள், மொசைக் தரை இருந்தால் எந்த அமிலமும் சிந்தக் கூடாது. கடப்பாவே சுண்ணாம்புக்கல்தான், கறையைக் கரைப்பது கல்லையும் கரைக்கும். கிரானைட்டுக்கு அந்தப் பயம் குறைவு.

இன்னொன்று, எலுமிச்சை உப்பு டப்பாவின் மேல் பெரிய எழுத்தில் பெயர் எழுதி ஒட்டுங்கள். எங்கள் வீட்டில் ஒருநாள் அது தூள் உப்பு என்று நினைத்து ரசத்தில் விழுந்தது, பாவம் விருந்தாளி, "கொஞ்சம் புளிப்பு தூக்கலா இருக்கு" என்று மட்டும் சொன்னார்.