சிப்பாயின் கண்ணில் காட்ஸில்லா: ஷோவா காலப் படத்தொகுப்பு குறித்து

அமெரிக்காவின் கிரைட்டீரியன் என்னும் பட வட்டு வெளியீட்டு நிறுவனம் 2019இல் வெளியிட்ட காட்ஸில்லா தொகுப்பு, ஹைட்ரஜன் குண்டுச் சோதனையால் கிளம்பி வரும் அந்த ராட்சத விலங்கை வைத்து, 1954 முதல் 1975 வரை, அதாவது பேரரசர் ஹிரோஹிட்டோ ஆண்ட ஷோவா காலத்தில், ஜப்பானின் டோஹோ நிறுவனம் தயாரித்த 15 படங்களையும் எட்டு புளூ-ரே வட்டுகளில் தருகிறது. ராட்சத விலங்குகள் நகரங்களை மிதித்து நொறுக்குவதை ஆசை தீரப் பார்க்க விரும்புவோருக்கு இதைப் பரிந்துரைப்பதில் எந்தத் தயக்கமும் இல்லை. ஆனால் இதை வாங்குவதற்கு வேறொரு வலுவான காரணமும் உண்டு. இவற்றில் எட்டுப் படங்களை இயக்கிய இஷிரோ ஹோண்டா தம் இளமையின் பெரும்பகுதியை ஜப்பானியத் தரைப்படையில் கழித்தவர். அந்த ஆண்டுகள் அவருடைய படங்களில் எங்கே வெளிப்படுகின்றன, எங்கே வாய்மூடி நிற்கின்றன என்பதைக் கால வரிசையில் தொடர்ந்து பார்க்க இத்தொகுப்பு இடம் தருகிறது.

1911இல் யமகத்தா மாகாணத்தில் பிறந்த ஹோண்டா, பின்னாளில் டோஹோவாக உருவெடுத்த படநிறுவனத்தில் 1933இல் சேர்ந்து, உதவி இயக்குநராகத் தொழில் பழகத் தொடங்கியதுமே ராணுவத்துக்கு அழைக்கப்பட்டார். 1936 பிப்ரவரி 26 அன்று டோக்கியோவில் இளம் அதிகாரிகள் சிலர் ஆட்சியைக் கவிழ்க்க முயன்றபோது அவருடைய படைப்பிரிவின் பெயரும் அதில் அடிபட்டது. கிளர்ச்சியில் பங்கேற்காத அவரைப் போன்றோரும் சேர்த்தே, ஜப்பானின் பிடியில் இருந்த வடகிழக்குச் சீனப் பகுதியான மஞ்சூரியாவுக்கு அனுப்பப்பட்டனர். ஊர் திரும்பிப் படப்பிடிப்புத் தளத்தில் காலூன்ற முயலும்போதெல்லாம் மீண்டும் அழைப்பு வந்தது. அவருடைய நண்பர் அகிரா குரோசாவா 1943இலேயே இயக்குநராகிவிட, ஹோண்டாவின் முதல் கதைப்படம் 1951இல்தான் வெளிவந்தது. போர் முடிந்தபோது சீனாவில் கைதியாக இருந்த அவர், 1946இல் நாடு திரும்பும் வழியில் ஹிரோஷிமாவைக் கடந்து வந்தார். போர்முனையில் தம் அருகே விழுந்து வெடிக்காமல் போன ஒரு குண்டை ஜப்பானுக்குக் கொண்டு வந்து, கடைசிவரை தம் மேசைமேல் வைத்திருந்தார்.

இத்தகைய ஒருவர் எடுத்த அறிவியல் புனைகதைப் படத்தில் ஆயுதங்களின் நுட்பமும் களத்தின் பரபரப்பும் மேலோங்கி இருக்கும் என்றே எதிர்பார்ப்போம். 1954ஆம் ஆண்டின் முதல் படத்தில் நெஞ்சில் நிற்பவை அவையல்ல. மூட்டை முடிச்சுகளைத் தூக்கிக்கொண்டும் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டும் ஊரைவிட்டு வெளியேறும் மக்கள்தான் ஹோண்டாவின் படங்களில் மீண்டும் மீண்டும் வருகிறார்கள். டோக்கியோவின் கின்சா பகுதியில் பற்றி எரியும் கட்டடத்தின் அடியில் ஒடுங்கியிருக்கும் ஒரு தாய், சற்று நேரத்தில் அப்பாவிடம் போய்விடலாம் என்று தன் பிள்ளைகளைத் தேற்றுகிறாள். அந்த அப்பா எப்படி இறந்தார் என்று படம் சொல்வதில்லை. போர் முடிந்து ஒன்பதே ஆண்டுகளான நிலையில், திரையரங்கில் அமர்ந்திருந்தவர்களுக்கு அதைச் சொல்ல வேண்டியும் இருக்கவில்லை. மறுநாள் காலை மருத்துவமனையின் தரை முழுவதும் காயமடைந்தோர் கிடக்கிறார்கள். ஒரு குழந்தையின் அருகே கதிர்வீச்சு அளவியைப் பிடித்துப் பார்த்தவர் தலையை மட்டும் அசைக்கிறார். கேமரா அதற்கு மேல் எதையும் வற்புறுத்துவதில்லை.

இக்காட்சிகளின் வலிமைக்கு ஹோண்டாவின் ராணுவப் பணி எந்த வகையில் காரணம் என்று யோசிக்கும்போது ஒன்று புலப்படுகிறது. டோக்கியோ விமானக் குண்டுவீச்சில் எரிந்தபோது அவர் அங்கே இல்லை, சீனாவில் இருந்தார். அவர் பார்த்தது அழிவு முடிந்த பிறகு எஞ்சியதை. படத்தில் நகரை அழிக்கும் காட்சிகளை அமைத்தவர் சிறப்புக் காட்சிகளின் இயக்குநர் எய்ஜி சுபுராயா. பேர்ல் துறைமுகத் தாக்குதலை 1942இல் சிற்றுருவ மாதிரிகளைக் கொண்டு ஒரு போர்ப் பிரசாரப் படத்துக்காகத் திரையில் நிகழ்த்திக் காட்டியவரும் அவரே. இரவில் நடக்கும் தாக்குதல் சுபுராயாவுடையது, விடிந்த பிறகு வருவது ஹோண்டாவுடையது என்று பிரித்துப் பார்த்தால், ஒரே படத்துக்குள் இரண்டு போர் அனுபவங்கள் அடுத்தடுத்து நிற்பது தெரியும்.

படையினரை ஹோண்டா கேலி செய்வதில்லை. அவர்கள் ஒழுங்காக வருகிறார்கள், ஆணைக்குப் பணிகிறார்கள், தோற்கிறார்கள். ஜப்பானின் தற்காப்புப் படை 1954 ஜூலையில்தான் நிறுவப்பட்டது. நவம்பர் 3 அன்று வெளியான படம், அதற்கு நிகரான ஒரு படையின் பீரங்கிகளையும் விமானங்களையும் காட்டி, அவற்றால் ஒன்றும் ஆகாது என்கிறது. ஆனால் அகிரா இபுகுபேயின் அணிவகுப்பு இசை ஒலிக்கத் தொடங்கியதும் உடம்பு தானாக நிமிர்கிறது; படத்தின் பிற பகுதிகள் ஐயத்தோடு பார்க்கும் அதே உணர்வை இசை தட்டி எழுப்புகிறது. இந்த முரணை ஹோண்டா அறிந்தே விட்டுவைத்தாரா என்பதில் எனக்கு இன்னும் தெளிவில்லை.

அவருடைய அனுபவம் வாய்மூடி நிற்கும் இடத்தையும் சொல்லியாக வேண்டும். முதல் படத்தின் பாத்திரங்கள் நாகசாகியைப் பேசுகிறார்கள், பதுங்குகுழிகளைப் பேசுகிறார்கள். 1954 மார்ச் 1 அன்று பிகினித் தீவருகே அமெரிக்க ஹைட்ரஜன் குண்டுச் சோதனையின் கதிரியக்கத் தூசியில் சிக்கிய மீன்பிடிக் கப்பலின் 23 பேரையும் படத்தின் தொடக்கம் நினைவூட்டுகிறது. ஹோண்டா ஆண்டுக்கணக்கில் சீருடையோடு நின்ற சீனாவோ படத்தில் இல்லை. அவர் அங்கே பாதிக்கப்பட்டவராக மட்டும் இருந்தவர் அல்லர், ஆக்கிரமித்த படையின் உறுப்பினர். ராணுவத்தின் பாலியல் அடிமைத்தன விடுதி ஒன்றைத் தம் பொறுப்பில் கவனித்துக்கொண்டதைப் பற்றி 1966இல் அவரே ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார். போருக்கு எதிரான மனிதநேயர் என்ற எளிய படிமத்தோடு நின்றுவிடாமல், இதையும் மனத்தில் கொண்டு அவருடைய படங்களைப் பார்ப்பதே நேர்மையானது.

அறுபதுகளின் படங்களில் தொனி மாறுகிறது. 1964இல் வந்த இரண்டு படங்களிலும் சிக்கலைத் தீர்ப்பதில் ஆயுதத்தைவிட மன்றாடுதலுக்கும் சமரசத்துக்குமே அதிக இடம். எதிரெதிராக நின்ற விலங்குகளை மோத்ரா என்னும் புழு பேசி இணங்கவைக்கும் காட்சியைச் சிறுபிள்ளைத்தனம் என்று தள்ளிவிடலாம், எனக்கு அப்படித் தள்ள மனம் வரவில்லை. 1969ஆம் ஆண்டின் படத்தைத் தாண்டிச் சென்றாலும் பெரிய இழப்பில்லை. 1975இல் ஹோண்டா மீண்டும் வந்து எடுத்த கடைசிப் படம், தொடரிலேயே மிகக் குறைந்த பார்வையாளர்களைப் பெற்றது. ஆயினும் அவமதிக்கப்பட்ட விஞ்ஞானியும் பாதி இயந்திரமாக்கப்பட்ட அவர் மகளுமாகச் செல்லும் அக்கதையின் சோகம், முதல் படத்துக்குப் பிறகு தொடரில் அரிதாகக் கிடைத்த ஒன்று.

தொகுப்பின் பெருங்குறை 1962ஆம் ஆண்டின் கிங் காங் படத்தை நடத்திய விதத்தில் இருக்கிறது. முதன்மை வரிசையில் இடம்பெறுவது வெட்டி மாற்றப்பட்ட அமெரிக்க வடிவம். விளம்பர வெறியையும் தொலைக்காட்சியையும் ஹோண்டா கிண்டல் செய்யும் ஜப்பானிய மூல வடிவம் கடைசி வட்டில் துணைப்பொருளாகத் தள்ளப்பட்டிருக்கிறது. படத்துக்குப் படம் பிம்பத்தின் தரமும் சீராக இல்லை. பெரிய புத்தகம் போன்ற அட்டைப் பெட்டி கண்ணுக்கு அழகுதான், ஆனால் வழக்கமான அலமாரித் தட்டில் அடங்காது.

துணைப்பொருள்களில் முதலில் பார்க்க வேண்டியது, 1990இல் சக இயக்குநர் யோஷிமிட்சு பன்னோ ஹோண்டாவிடம் எடுத்த நேர்காணல். மீன்பிடிக் கப்பலைப் பற்றிய ஒலிக்கட்டுரை அடுத்து வரலாம். முதல் படம் மட்டும் போதும் என்போருக்கு அதே நிறுவனம் 2012இல் தனியாக வெளியிட்ட வட்டு இருக்கிறது. அந்த ஒலிக்கட்டுரையும் டேவிட் கேலட்டின் விளக்கவுரையும் அதிலும் உண்டு, ஹோண்டாவின் நேர்காணல் மட்டும் இல்லை. அமெரிக்கப் பதிப்பின் வட்டுகள் ஏ மண்டலத்துக்கு (புளூ-ரே வட்டுகள் எந்தெந்த நாடுகளின் இயக்கிகளில் ஓடும் என்பதைக் குறிக்கும் பிரிவுகளுள் ஒன்று) உரியவை என்பதால், வாங்குவதற்கு முன் தங்கள் இயக்கியில் அவை ஓடுமா என்று பார்த்துக்கொள்வது நல்லது.